ரெண்டிஞ்ச் மாஸ்டரும் முப்பது மீட்டர் வயரும்

அந்தத் தெருவில் தையல்காரர் வீடு எது என்று கேட்டால் எல்லோரும் ஒரு நிமிடம் விழிப்பார்கள். ரெண்டிஞ்ச் மாஸ்டர் வீடு எது என்று கேட்டால் இடுப்புக் குழந்தைகூட விரலை நீட்டும். எதைத் தைத்தாலும் உள்தையலில் இரண்டு அங்குலம் துணி விட்டுத் தைப்பவர் அவர். மற்ற கடைகளில் அரை அங்குலம் விட்டாலே பெரிய மனசு. இவரிடம் தைத்த கால்சட்டையை, ஆள் பெருத்தால் பிரித்து விட்டுக்கொள்ளலாம், இளைத்தால் பிடித்துக்கொள்ளலாம். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டையே அறுபதாம் வயதிலும் போட்டுக்கொண்டு திரிகிறவர்கள் அந்தத் தெருவில் மூன்று பேர் இருக்கிறார்கள்.

"கூட இருந்தா உள்ள மடிச்சுக்கலாம். குறைஞ்சா எங்க போயி ஒட்டுறது?" என்பார் மாஸ்டர். வாழ்க்கையில் அவர் உறுதியாக நம்பிய விஷயங்கள் இரண்டுதான். இது ஒன்று. இன்னொன்று, எந்தப் பொருளும் அம்மணமாக இருக்கக் கூடாது என்பது. அவர் கத்தரிக்கோலுக்கு உறை உண்டு. ரேடியோவுக்கு உறை உண்டு. தண்ணீர் கேனுக்குக் கழுத்துப் பட்டி வைத்த சட்டை உண்டு. மைத்துனனின் எல்லாச் சட்டைகளிலும், அவன் கரண்ட் பார்க்கும் டெஸ்டரைச் சொருகிக்கொள்ள விரல் அகலத்தில் தனிப் பை வைத்துத் தைத்திருக்கிறார். அந்த மைத்துனன் எலக்ட்ரீஷியன். டெஸ்டர் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை என்பதால் அவன் பேரே டெஸ்டர் ஆகிவிட்டது.

"ரெண்டு நிமிஷம் அசையாம நின்னா எனக்கும் உறை தெச்சிடுவாரு" என்பார் மாஸ்டரின் மனைவி. அவரைத் தெருவே நர்சம்மா என்று கூப்பிடும்.

நர்சம்மா பத்தொன்பது வருடம் ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை பார்த்தவர். மாஸ்டர் எழுந்து கடை ஷட்டரைத் தூக்கும்போது அவர் வந்து படுப்பார். இவர் ஷட்டரை இறக்கும்போது அவர் கிளம்புவார். புருஷன் பெண்டாட்டி இருவரும் நிலைப்படியில் சந்தித்துக்கொண்டதுதான் அதிகம். ஐந்து மாதத்துக்கு முன்னால் நர்சம்மா அந்த வேலையை விட்டார். படுக்கையோடு கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் வேலையில் சேர்ந்தார். ஐந்து வீடுகள், ஒன்று ஒரு மூலை, ஒன்று இன்னொரு மூலை. பஸ்ஸில் போனால் இரண்டு வீட்டோடு பொழுது போய்விடும். அதற்காகத்தான் ஒரு சின்ன எலக்ட்ரிக் கார், பழையது, வாங்கினார்கள்.

காலை ஆறரைக்குப் போய்ப் பன்னிரண்டரைக்கு வந்துவிடுவார். பிறகு இருவரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், எதிரும் புதிருமாக, பகல் வெளிச்சத்தில். அந்த முதல் வாரம் மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. "உனக்கு இடது கன்னத்துல மச்சம் இருக்கா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். கடையில் எவ்வளவு வேலை குவிந்திருந்தாலும் பன்னிரண்டரைக்கு அவர் கால் மெஷினிலிருந்து தானாக இறங்கிவிடும்.

சரி, காருக்குச் சார்ஜ் போடுவது எங்கே? அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

வீட்டின் முன்னறை கடை. பின்னால் இரண்டு அறைகளில் குடித்தனம். பக்கவாட்டில் ஒரு சந்து, அதில்தான் கார் நிற்கும். மாடியில் வீட்டுச் சொந்தக்காரி. தபால் ஆபீசில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். மாடியம்மா என்று பெயர். பேச்சும் முத்திரை குத்துவது போலத்தான், ஒரே குத்து, மறுபேச்சுக் கிடையாது. ஒருமுறை தோட்டத்துக் குழாய் தடுக்கி விழுந்து, ஆபரேஷனில் முட்டியை மாற்றிக்கொண்டவர். அதனால் அனுமதி கேட்கப் போனபோதே சொல்லிவிட்டார்: "சார்ஜ் போட்டுக்கோங்க. ஆனா வயர் என் கால்ல மாட்டக் கூடாது. கண்ணுலயும் படக் கூடாது."

கடையில் இஸ்திரிப்பெட்டிக்கென்று ஒரு பெரிய பிளக் பாயிண்ட் இருந்தது. அங்கிருந்து ஜன்னல் வழியாகக் காருக்கு ஒன்பது மீட்டர். மாஸ்டர் டேப்பை வைத்து இரண்டு தடவை அளந்தார். பிறகு எலக்ட்ரிக் சாமான் கடைக்குப் போய், சக்கரத்தில் சுற்றிய எக்ஸ்டென்ஷன் வயர், முப்பது மீட்டர் ரீல் ஒன்றை வாங்கி வந்தார். ஒன்பதுக்கு எதற்கு முப்பது? கேட்கவே வேண்டாம். கூட இருந்தால் மடித்துக்கொள்ளலாம்.

டெஸ்டரைக் கேட்டிருக்கலாம். மச்சினன் என்று ஒருவன் எலக்ட்ரீஷியனாக இருந்து என்ன பிரயோஜனம்? ஆனால் அவனைக் கேட்டால் முதலில் ஒரு மணி நேரம் கிண்டல் செய்வான். அவன் கல்யாணச் சட்டையில் மாஸ்டர் விட்ட இரண்டு அங்குலத்தால் அவன் போட்டோவில் மிதப்பதுபோல் தெரிகிறானாம். பதினோரு வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். "பிளக்கச் சொருகத் தெரியாதா எனக்கு?" என்று மாஸ்டர் தானே இறங்கிவிட்டார்.

வேலை என்னவோ பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒன்பது மீட்டரை ஜன்னல் வழியாக விட்டு, சந்தின் சுவரில் கொக்கி அடித்து உயரமாக ஓட்டினார். மிச்சம் இருபத்தொரு மீட்டரும் ரீலிலேயே பாபின் நூல் மாதிரி வரி பிசகாமல் சுற்றியபடி கட்டிங் டேபிளுக்கு அடியில் உட்கார்ந்தது. அப்படியே விட்டாரா மனுஷர்? தூசி படுமே என்று அதற்கு ஓர் உறை தைத்தார். வெளியே நீலத் துணி, உள்ளே லைனிங், நடுவில் கோட்டின் தோளுக்கு வைக்கும் பஞ்சு. மேலே சுருக்குக் கயிறு. மாடியம்மா வந்து குனிந்து பார்த்துவிட்டு, "பரவாயில்ல மாஸ்டர். எனக்குக்கூட இப்படி ஒரு கோட்டு இல்ல" என்றார். மாஸ்டருக்கு வாயெல்லாம் பல்.

மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. தினமும் மத்தியானம் இரண்டு மணி நேரம் போட்டாலே கார் நிறைந்துவிடும். நான்காவது வாரத்தில் ஒரு நாள், நர்சம்மாவுக்கு அன்றைக்கு மட்டும் ஆறாவதாக ஒரு வீடு வந்தது. ஊருக்கு வெளியே. கார் சார்ஜ் கிட்டத்தட்டத் தீர்ந்துபோய் வந்து நின்றது. ஒரு மணிக்குச் சொருகினார்கள். மூன்று மணி ஆயிற்று, நான்கு ஆயிற்று, ஏறிக்கொண்டே இருந்தது.

நாலரைக்கு மாஸ்டர் ஒரு கோட்டின் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். ஊசி பாதியில் நின்றது. மூக்கை உயர்த்தினார்.

துணி பொசுங்கும் வாசனை. நெருப்புப் பிடிப்பதற்கு ரொம்ப முன்னால், துணி பழுப்பாகத் தொடங்கும்போது வருகிற வாசனை அது. மற்றவர்களுக்குத் தெரியாது. முப்பது வருடம் இஸ்திரிப்பெட்டியோடு வாழ்ந்தவனுக்குத் தெரியும். பெட்டியைப் பார்த்தார். அது காலையிலேயே பிடுங்கி வைத்தபடி சில்லென்று இருந்தது. மெஷின் மோட்டாரைத் தொட்டார். அதுவும் இல்லை. குனிந்து டேபிளுக்கு அடியில் கையை நீட்டினார். உறையின் மேல் புறங்கையை வைத்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

டேபிளின் அடியில் ரீலைச் சுற்றி வெட்டுத் துணிகள் இரண்டு சாக்கு. மேலே அலமாரியில் ஊரார் துணி. மாடியில் ஒரு வயதான மனுஷி தூங்கிக்கொண்டிருக்கிறார். மாஸ்டர் பாய்ந்துபோய்ச் சுவரில் சுவிட்சை அணைத்தார். பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"இந்தா, நர்சம்மா! இங்க வா, சீக்கிரம்!"

நர்சம்மா ஓடி வந்தார். பையிலிருந்து நெற்றிக்கு நேராகப் பிடிக்கும் தெர்மாமீட்டரை எடுத்து ரீலுக்கு நேராகப் பிடித்தார். அவருக்கு எல்லாமே நோயாளிதான். மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன இது, எச், ஐ, ஹாய்னு எழுதியிருக்கு? குசலம் விசாரிக்குதா?"

"அது ஹாய் இல்லைங்க, ஹை! அளக்க முடியாத காய்ச்சல்னு அர்த்தம்." சொல்லிக்கொண்டே நர்சம்மா தன் தம்பி டெஸ்டருக்குப் போன் போட்டார்.

டெஸ்டர் பத்து நிமிடத்தில் வந்தான். உறையைக் கழற்றினான். உள் அடுக்கில் வயர் மெழுகாக இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மாஸ்டர் கிண்டலுக்குத் தயாராக நின்றார். டெஸ்டர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

"மாமா, இந்த ரீல்ல ஒரு ஸ்டிக்கர் இருந்துச்சே, படிச்சீங்களா?"

"அது... உறைக்குள்ள போயிடுச்சு மாப்ள."

"அதுல என்ன போட்டிருக்கு பாருங்க. சுத்தியே வெச்சிருந்தா ஆயிரம் வாட். முழுசாப் பிரிச்சுப் போட்டா மூவாயிரம். உங்க கார் ரெண்டாயிரத்துக்கு மேல இழுக்குது. உங்க இஸ்திரிப்பெட்டியும் கிட்டத்தட்ட அவ்வளவு இழுக்கும். ஆனா அது சூடானதும் தானா நிக்கும், அப்புறம் எடுக்கும். நடுவுல மூச்சு விடும். கார் அப்படி இல்ல. மூச்சே விடாம மணிக்கணக்குல குடிக்கும்."

"வயரு தடிமனாத்தானே இருந்துச்சு?"

"தடிமனை விடுங்க. துணிய மடிக்கலாம் மாமா, கரண்டு ஓடுற வயர மடிக்கக் கூடாது. ஒரு சுத்தோட சூடு அடுத்த சுத்துக்கு ஏறும், அது அடுத்ததுக்கு. வெளிய போக வழியில்ல. போதாக்குறைக்கு நீங்க பஞ்சுக் கோட்டு வேற மாட்டி விட்டிருக்கீங்க."

மாஸ்டர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எதை நம்பி முப்பது வருடம் பிழைத்தாரோ, அதுவே ஒரு வீட்டைக் கொளுத்தப் பார்த்திருக்கிறது.

உறையை மடியில் வைத்துப் பார்த்தார். வெளிப்பக்கம் நீலம் நீலமாகவே இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. உள்பக்கம் திருப்பினால்தான் தெரிந்தது, லைனிங்கில் இரண்டு பழுப்பு வட்டங்கள், ஒன்றின் நடுவில் விரல் நுழையும் ஓட்டை.

"மாடியம்மாகிட்ட..." என்று இழுத்தார். "சொல்லணுமா?"

சொன்னால் என்ன ஆகும் என்று இருவருக்குமே தெரியும். சார்ஜ் போடுவது நின்றுவிடும். வெளியே சார்ஜ் போடும் இடத்தில் போய் வரிசையில் நின்றால் மூன்று மணி நேரம் போய்விடும். ஐந்து வீட்டையும் அதையும் சேர்த்துச் செய்ய முடியாது. மறுபடியும் ராத்திரி வேலை, மறுபடியும் நிலைப்படிச் சந்திப்பு. பன்னிரண்டரை மணிச் சாப்பாடு அவ்வளவுதான்.

சொல்லாமல் விட்டால்? ரீலை மாற்றிவிடலாம். உறைக்கு இன்னொரு லைனிங் கொடுத்தால் ஒரு மணி நேர வேலை. யாருக்கும் தெரியப்போவதில்லை. மாஸ்டர் ஊசியைக்கூட எடுத்துவிட்டார். நூலும் கோத்தார். ஆனால் கை ஓடவில்லை. அவர் கடைக்கு வருகிற புது வாடிக்கையாளரிடம் அவர் முதலில் சொல்வது, "வெளியப் பாக்காதீங்க, உள்ளத் திருப்பிப் பாருங்க" என்பதுதான். எந்தச் சட்டையையும் உள்பக்கம் திருப்பித்தான் கையில் கொடுப்பார். இந்த ஒன்றை மட்டும் எப்படி மூடித் தைப்பது?

ஊசியைப் பஞ்சில் குத்திவிட்டு, உறையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

மாடியம்மா கதவைத் திறந்தார். மாஸ்டர் உறையை உள்பக்கம் திருப்பி நீட்டினார். மாடியம்மா அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். மாஸ்டர் நடந்ததை எல்லாம் சொன்னார். முப்பது மீட்டர், பஞ்சு, ஸ்டிக்கர், ஒன்றையும் விடவில்லை. தப்பு தன்னுடையது என்பதையும் சொன்னார்.

"நான் அப்ப தூங்கிக்கிட்டு இருந்தேன்" என்றார் மாடியம்மா.

"ஆமாங்கம்மா."

"நாளையிலேருந்து அந்த வண்டிக்கு இங்க சார்ஜ் கிடையாது." முத்திரை விழுந்தது. கதவு சாத்திக்கொண்டது.

அன்றைக்கு மாஸ்டர் வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. நர்சம்மா அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய யூனிஃபார்மை எடுத்துக் கட்டிலில் வைத்தார். மாஸ்டர் தைத்ததுதான். "உள்ள ரெண்டு இஞ்ச் இருக்கு. இப்ப கொஞ்சம் விட்டுக் குடுங்க, பெருத்திட்டேன்" என்றார். சிரிப்பாகத்தான் சொன்னார். மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை டெஸ்டர் கெட்டுப்போன ரீலை எடுத்துப் போக வந்திருந்தான். மாடிப்படியில் கைத்தடிச் சத்தம் கேட்டது. மாடியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேரே டெஸ்டரிடம் வந்தார்.

"தம்பி, என்ன செஞ்சா இந்த மாதிரி ஆகாது?"

"எக்ஸ்டென்ஷனே வேண்டாம்மா. மெயின் போர்டுலேருந்து காருக்குன்னு தனியா ஒரு லைன் இழுத்து, கார் நிக்கிற இடத்துலயே ஒரு பாயிண்ட் வெச்சிடணும். நல்ல எர்த், கோளாறு வந்தா தானா கட்டாகுற பிரேக்கர். வயர் குழாய்க்குள்ள போயிடும். உங்க கால்லயும் மாட்டாது, கண்ணுலயும் படாது. ஆனா..."

"ஆனா?"

"சுவத்துல ஓட்டை போடணும்மா."

எல்லோரும் அந்தச் சுவரைப் பார்த்தார்கள். பெயின்ட் அடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாடியம்மா கிட்டப் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தார்.

"ராத்திரி பூரா யோசிச்சேன்" என்றார், மாஸ்டர் பக்கம் திரும்பாமலே. "உறையோட வெளிப்பக்கம் நல்லாத்தானே இருந்துச்சு. வேற வயர மாட்டிட்டு, அதையே போட்டு மூடியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா? ஆபீஸ்ல எத்தனையோ பேரப் பாத்திருக்கேன் மாஸ்டர். கிழிஞ்ச கவர ஒட்டிக் குடுக்குறவன்தான் ஜாஸ்தி. கிழிச்சது நான்தான்னு கொண்டு வந்து காட்டினவன் ரொம்பக் கொஞ்சம். போடுப்பா ஓட்டைய."

நர்சம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மாஸ்டருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டெஸ்டரின் சட்டைப் பையைச் சரி செய்தார், அது சரியாகத்தான் இருந்தது.

சாமான் வர இரண்டு நாள் ஆகும் என்றான் டெஸ்டர். அதுவரை சமாளிக்கத் தன் சொந்த வயரைக் கொண்டு வந்தான். மூன்று கம்பி உள்ள தடித்த வயர், ஒட்டுப் போடாத ஒரே நீளம். "இதையே பழக்கமாக்கிடக் கூடாது, ரெண்டு நாளைக்குத்தான்" என்று அக்காவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். வயரை ஒரு சுற்றுக்கூட இல்லாமல் சந்தின் நீளத்துக்கும் பிரித்துப் போட்டான். வயர் முனையும் காரின் சார்ஜரும் சேரும் இடத்தை ஈரத்தில் படாமல் ஒரு ஸ்டூலில் ஏற்றி வைத்தான். காருக்குள் உட்கார்ந்து இழுக்கும் கரண்டைப் பாதியாகக் குறைத்தான். "மெதுவா ஏறட்டும். அரை மணிக்கு ஒரு தடவை பிளக்கத் தொட்டுப் பாருங்க. கை வைக்க முடியலைன்னா உடனே அணைச்சிடுங்க."

"வயர் வழியில கெடக்குதே, யாராவது தடுக்கி விழுந்தா?" என்றார் மாஸ்டர்.

"அதை நான் பாத்துக்கறேன்" என்றார் மாடியம்மா. நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லிச் சந்தின் வாயிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு மத்தியானமும் அவரைத் தாண்டி ஒரு பூனை போகவில்லை. பால்காரரைப் பின்பக்கம் சுற்றி வரச் சொன்னார். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்துபோய்ப் பிளக்கின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் இல்ல!" என்று கடைக்குள் குரல் கொடுப்பார். மாஸ்டர் உள்ளேயிருந்து, "நல்லதுங்கம்மா!" என்பார். இப்படியே இரண்டு நாள்.

மூன்றாம் நாள் டெஸ்டர் குழாய் அடித்தான். மாஸ்டர்தான் டேப் பிடித்தார். பதினோரு மீட்டர் எழுபது. "சரியா வெட்டு மாப்ள. ஒரு நூல்கூட அதிகம் வேண்டாம்" என்றார், திருந்திய மனுஷனாக.

டெஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "அப்படி வெட்ட மாட்டோம் மாமா. பெட்டிக்குள்ள கொஞ்சம் விட்டுத்தான் வெட்டுவோம். பின்னாடி பாயிண்ட் மாத்தணும்னா கழட்டி மாட்ட வேணாமா? குறைஞ்சா எங்க போயி ஒட்டுறது?"

மாஸ்டர் டேப்பைக் கீழே போட்டுவிட்டார். "நெசமாவா? எவ்வளவு விடுவ?"

"ரெண்டு மடங்கு ரெண்டிஞ்ச்."

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக மாஸ்டர் மச்சினனைக் கட்டிப்பிடித்தார். மச்சினன் சட்டைப் பையிலிருந்த டெஸ்டர் அவர் நெஞ்சில் குத்தியது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

அன்று பன்னிரண்டரைக்கு நர்சம்மா வந்தார். காரை நிறுத்தினார், புதுப் பாயிண்டில் நேரடியாகச் சொருகினார், சந்தில் ஒரு வயர்கூடக் கிடக்கவில்லை. பழைய யூனிஃபார்ம் அலமாரியின் மேல்தட்டுக்கே திரும்பிப் போயிருந்தது. சாப்பாட்டுக்கு மாடியம்மாவையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் வருகிற வழியில் பாயிண்டின் முன்னால் நின்றார்.

"எல்லாம் சரி மாஸ்டர். ஆனா வெள்ளைச் சுவத்துல இந்தச் சாம்பல் பெட்டி துருத்திக்கிட்டு நிக்குது. கண்ண உறுத்துது. சின்னதா, அழகா, ஒரு உறை தெச்சுப் போட்டுடுங்களேன்."

மாஸ்டரின் விரல்கள் தானாகக் கழுத்திலிருந்த டேப்பைத் தொட்டன. பெட்டியை அகலத்திலும் உயரத்திலும் கண்ணால் அளந்தார். நீலத் துணி இன்னும் அரை மீட்டர் மிச்சம் இருக்கிறது. நர்சம்மா சாப்பாட்டுத் தட்டோடு நிலைப்படியில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். பெட்டியின் மேல் புறங்கையை ஒரு நிமிடம் வைத்துப் பார்த்தார்.

"இது இப்படியே இருக்கட்டும்மா" என்றார். "இதுக்குச் சட்டை வேண்டாம். வாங்க, சாப்பாடு ஆறுது."